பச்சையாக ஒரு குட்டிக் கோஸ்: தம்பி கதிருக்கு

அன்புள்ள கதிர்,

உன் குரல்செய்தியைக் கேட்டேன். புத்தாண்டிலிருந்து அடுப்பைத் தொடுவதில்லை, பால் தயிர் கிடையாது, எல்லாம் பச்சையாகத்தான் என்று ஆரம்பித்திருக்கிறாய். இங்கிலாந்தில், லீட்ஸ் குளிரில் அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். நானாக இருந்தால் மே மாதம் வரை காத்திருப்பேன். சரி, அது போகட்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கடையில் மலிவாகத் தள்ளிவிட்ட பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் என்ற குட்டிக் கோஸைப் பை பையாக வாங்கி, முழுசு முழுசாகக் கடித்து, வாயெல்லாம் கசந்து, ராத்திரி முழுக்க வயிறு உப்பி, "இதை மனுஷன் பச்சையாகச் சாப்பிடுவானாக்கா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். வேறு சிலரும் இதையே கேட்டதால் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சாப்பிடுவான். ரசித்தே சாப்பிடுவான். ஆனால் பொரியல் மாதிரி தட்டு நிறைய வைத்துக்கொண்டு உட்கார முடியாது. பச்சையாக இருக்கும்போது அதைப் பச்சடிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி, அதுவும் மெல்லியதாகச் சீவியது. நீ அதைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டிருக்கிறாய். கசப்பு, காற்று இரண்டுக்கும் பாதிக் காரணம் அதுதான்.

மீதிப் பாதி அந்தக் காய்க்குள்ளேயே இருக்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ராக்கோலி, நூல்கோல், கேல் எல்லாமே இதனுடன் சேர்ந்து ஒரே தாவர இனம். மனிதர்கள் வேறு வேறு உறுப்பைப் பெரிதாக்கி வளர்த்ததால் ஆளுக்கொரு உருவம். நம் குட்டிக் கோஸ், தடித்த தண்டில் இலைக்காம்புகளின் இடுக்கில் முளைக்கிற மொட்டு. இந்தக் குடும்பம் முழுவதிலும் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் உண்டு. அவற்றில் சினிக்ரின், புரோகாய்ட்ரின் என்ற இரண்டும்தான் ஸ்ப்ரௌட்ஸின் கசப்புக்கு முக்கியக் காரணம். நெதர்லாந்தில் ஹான்ஸ் வான் டோர்ன் என்ற விஞ்ஞானி 1990களில் இதைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகு விதைக் கம்பெனிகள் கசப்புக் குறைந்த பழைய ரகங்களைத் தேடி எடுத்து, நல்ல விளைச்சல் தருகிற ரகங்களோடு கலந்தன. ஆகவே இன்று கடையில் கிடைப்பது நம் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டிகள் சின்ன வயதில் சாப்பிட்டதைவிட எவ்வளவோ தேவலாம். அவர்கள் அதைக் குழையக் குழைய வேகவைத்து, கந்தக வாடையை வீடு முழுக்கப் பரப்பியும் சாப்பிட்டார்கள். அந்த வாடை பச்சையில் வராது. உன் பக்கத்தில் இருக்கிற நல்ல விஷயம் அது.

காயை நறுக்கும்போது இன்னொன்று நடக்கிறது. செல்கள் உடைந்ததும் மைரோசினேஸ் என்ற நொதி அந்தக் குளுக்கோசினோலேட்டைச் சந்திக்கிறது; சினிக்ரின் உடைந்து கடுகின் காரமாக மாறுகிறது. கடுகேதான், ஒப்புமைக்குச் சொல்லவில்லை. நாம் பயன்படுத்துகிற கடுகிலும் இதே சினிக்ரின், இதே நொதி. சூடுபட்டால் நொதி செத்துவிடும். அதனால்தான் தாளித்த கடுகில் வாசம் மட்டும் நிற்கிறது, ஆவக்காயில் போடுகிற பச்சைக் கடுகுப்பொடி மூக்கில் ஏறுகிறது. அடுப்பில் ஏற்றாத ஸ்ப்ரௌட்ஸ் பாதி முட்டைக்கோஸ், பாதி கடுகு. இதைப் புரிந்துகொண்டால் எதோடு சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பது தானாக வந்துவிடும்.

உன்னோடு தங்கியிருக்கிற பையன் கசப்பே தெரியாமல் மென்று தின்கிறான் என்றாயே, அவன் வீரன் இல்லை. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் பிடிசி என்ற தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவருக்கு வாயெல்லாம் கசப்பு, ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த வித்தியாசம் பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. இப்போது அதற்குக் காரணமான மரபணுவுக்கு டிஏஎஸ்2ஆர்38 என்று பெயர். புரோகாய்ட்ரின் உடைந்து வருகிற பொருளும் பிடிசி மாதிரி வேதியமைப்பு உள்ளதுதான். அம்மாவுக்கும் உனக்கும் பாகற்காய் தொண்டையில் இறங்காததற்கும் இதுதான் காரணமா என்று கேட்காதே, அது வேறு கசப்பு. ஆனால் இந்தக் காய் விஷயத்தில் உன் நாக்கு அவன் நாக்கு இல்லை. அவனோடு போட்டி போடாதே.

சரி, சமையலறைக்கு வருவோம். அடுப்பு இல்லையென்றால் கத்திதான் எல்லாம். சின்னதாக, இறுக்கமாக, பச்சைப் பசேல் என்று இருப்பதைப் பொறுக்கு. மஞ்சளடித்ததும் இலை விரிந்ததும் வேண்டாம். உறைபனி விழுந்த பிறகு பறித்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். குளிரில் செடி சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது, இனிப்பு நாக்கிலேயே தெரியும். லிங்கன்ஷயரில் எங்களுக்கு இந்த ஒரு அதிர்ஷ்டம் உண்டு, சுற்றிலும் ஸ்ப்ரௌட்ஸ் வயல்கள். தண்டோடு விற்கிற கடை கிடைத்தால் தண்டோடே வாங்கு, அதிக நாள் தாங்கும். அடிக்காம்பை நறுக்கி, வெளி இலை இரண்டை உரித்துவிட்டு, ஸ்லைசரில் காகிதம் போலச் சீவு. விரல் பத்திரம். இங்கே அடியில் சிலுவைக்கீறல் போடுகிற வழக்கம் ஒன்று உண்டு, வேகவைப்பதற்காக. உனக்கு அது தேவையே இல்லை.

சீவியதும் உப்புப் போட்டு விரலால் நன்றாகப் பிசறி, கால் மணி நேரம் வை. உப்பு தண்ணீரை இழுத்து இலையைத் துவள வைக்கும், கசப்பையும் அமுக்கும். கசப்பை அமுக்குவதில் சர்க்கரையைவிட உப்பு கெட்டிக்காரன் என்பது என் கட்சி. அதற்குப் பிறகுதான் எலுமிச்சை. கடைசியில் கொழுப்பு: தேங்காயோ, எள்ளோ, வால்நட்டோ, ஆலிவ் எண்ணெயோ. கொழுப்பு இல்லாமல் இதைச் சாப்பிடுவது தண்டனை.

நான் அடிக்கடி செய்வது கோசுமல்லிதான். முளைகட்டிய பாசிப்பயறு, துருவிய கேரட், சீவிய ஸ்ப்ரௌட்ஸ், பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி, எலுமிச்சை, துருவிய தேங்காய். பாக்கெட்டில் வருகிற உலர்ந்த தேங்காய்த் தூள் வேண்டாம். அது சூட்டில் உலர்த்தியது, உன் விரதத்துக்கு ஆகாது, ருசியும் இல்லை. தாளிப்புக்குப் பதில் அரை டீஸ்பூன் கடுகை ஈரம் தெளித்து நசுக்கிச் சேர். தாளிக்காத கோசுமல்லியா என்று அம்மா முகம் சுளிப்பாள். ஆனால் இந்தக் காய்க்கு நசுக்கிய கடுகுதான் பொருத்தம், பங்காளிகள் இல்லையா!

இன்னொன்று, இத்தாலிக்காரர்கள் பாணி. பச்சையாகச் சீவி, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், மேலே பெக்கோரினோ சீஸ் துருவிச் சாப்பிடுவார்கள். சீஸ் உனக்குக் கிடையாது. வால்நட்டை உப்போடு கரகரவென்று பொடித்துத் தூவு, புளிப்பு ஆப்பிளைச் சீவிக் கலந்துவிடு. முந்திரியை 'பச்சை' என்று நம்பி வாங்காதே. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரிக்கும் என்பதால், உடைப்பதற்கு முன்பே வேகவைக்கிறார்கள் அல்லது வறுக்கிறார்கள். உனக்குச் சூடு நாற்பத்தெட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம் என்றால் முந்திரி அதை எப்போதோ மீறிவிட்டது.

வயிறு உப்புவதற்கு மருந்து நொதிக்க வைப்பது. இந்தக் குடும்பக் காய்களில் ராஃபினோஸ் என்ற சர்க்கரை உண்டு, நம் குடலால் அதை உடைக்க முடியாது, பெருங்குடலில் பாக்டீரியா தின்று காற்றாக்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்புக் கரைத்து, பாதியாக நறுக்கிய ஸ்ப்ரௌட்ஸை ஜாடியில் முழுக அமுக்கி, பூண்டும் மிளகும் போட்டு, அறைச் சூட்டில் வை. தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விடு. காய் தண்ணீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் புளிக்கும், பிறகு ஃப்ரிட்ஜ். அடுப்பே படாத ஊறுகாய், கசப்பும் குறைந்திருக்கும். வாடை மட்டும் வரும், ஜன்னல் ஓரம் வை.

சத்துக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். 100 கிராம் பச்சை ஸ்ப்ரௌட்ஸில் வைட்டமின் சி சுமார் 85 மில்லிகிராம். இந்த நாட்டில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படுவது 40. வேகவைத்தால் கணிசமாகத் தண்ணீரோடு போய்விடும், உனக்குப் போகாது. பயறிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவும் அது உதவும்.

ஆனால் ஸ்மூத்தியில் போட்டு அடிக்காதே. 2010இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது: 88 வயதுப் பெண்மணி ஒருவர் இதே குடும்பத்து பாக்சோயைப் பச்சையாக, தினமும் ஒரு கிலோவுக்கு மேல், பல மாதம் சாப்பிட்டு, தைராய்டு முடங்கி, கிட்டத்தட்ட கோமாவில் மருத்துவமனைக்கு வந்தார். புரோகாய்ட்ரின் உடைந்து வருகிற பொருள் தைராய்டு சுரப்பைத் தடுக்கும். பச்சையாகச் சாப்பிடும்போது நொதி உயிரோடு இருப்பதால் அது அதிகம் உண்டாகும். கைப்பிடி அளவில் பயம் இல்லை, அயோடின் சரியாக இருந்தால். அங்கேதான் உனக்குச் சிக்கல். ஊரில் உப்பிலேயே அயோடின் வருகிறது. இங்கே கடை உப்பில் பெரும்பாலும் கிடையாது. இந்த நாட்டு மக்களுக்குப் பாலும் மீனும்தான் அதைத் தருகின்றன, இரண்டையும் நீ விட்டுவிட்டாய். மாத்திரை எடு. கெல்ப் என்ற கடற்பாசியைத் தின்று சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அதில் அயோடின் அளவு எக்கச்சக்கமாகப் போகும்.

வைட்டமின் பி12 மாத்திரை பற்றி விவாதமே வேண்டாம். நீண்ட காலம் பச்சை உணவில் இருந்த 201 பேரை ஜெர்மனியில் ஆராய்ந்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 38 சதவீதம் பேருக்கு பி12 பற்றாக்குறை. மொட்டும் இலையும் பயறும் அதைத் தராது.

அப்பா மார்ச்சில் உன்னிடம் வருகிறார் அல்லவா? அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து சாப்பிடுகிறவர். ஸ்ப்ரௌட்ஸில் வைட்டமின் கே ஏராளம், அந்த மருந்தின் வேலையை அது கெடுத்துவிடும். ஸ்காட்லாந்தில் ஒருவர் கிறிஸ்துமஸ் சமயத்தில் அளவுக்கு மீறி இதைத் தின்று, ரத்தம் உறைகிற அளவு குழம்பி மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. கீரை, கோஸ் எல்லாம் அப்பா எப்போதும் சாப்பிடுகிற அளவுதான் சாப்பிட வேண்டும், திடீரென்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உன் ஜாடியைத் திறந்து அவர் தட்டில் வைக்காதே. அவருக்கு ரசம் வைத்துக் கொடு. அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்றால் முன்கூட்டியே சொல்லு, நான் வைத்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அக்கா