வட்டிக்காரனுக்குப் பாறின் பெயர் வேண்டாம்

தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கந்துவட்டிக் கொடுமையோ, மருந்துப் பதுக்கலோ, செய்தி வந்ததும் ‘பிணந்தின்னிக் கழுகுகள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு போடுகிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெயரை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

கடன் வாங்கியவரை உயிரோடு வதைப்பவன் எங்கே, செத்ததை மட்டும் தேடி வரும் பாறு, அதாவது நீங்கள் பிணந்தின்னிக் கழுகு என்று எழுதும் பறவை எங்கே? இரையைப் பற்றிக் கொல்லும் வலு அதன் கால்களுக்குக் கிடையாது. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒருமுறை தொலைநோக்கி வழியாகப் பார்த்தேன். வயிறு நிறையத் தின்ற வெண்முதுகுப் பாறு ஓடைத் தண்ணீரில் முங்கிக் குளித்தது. அப்புறம் பாறைமேல் ஏறி, இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைத்தது. அவ்வளவு சுத்தம்!

‘கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி’ என்கிறோம். உண்மையில் நம் ஊர்ப் பாறுகள் மோப்பத்தால் சடலத்தைத் தேடுவதில்லை, கண்ணால் தேடுகின்றன. ஒன்று கீழே இறங்குவதை வானில் தொலைவில் சுற்றும் இன்னொன்று பார்த்துவிடும், அதைப் பார்த்து மற்றொன்று வரும். கூர்மையைப் பாராட்டும்போது ‘கழுகுப் பார்வை’, திட்டும்போது ‘பிணந்தின்னி’. பார்வையைப் புகழ்ந்துவிட்டு, அது பார்த்துச் செய்யும் வேலையை இழிவாக்குகிறோம். சடாயுவைக் கழுகின் வேந்தனாகக் கொண்டாடிய மொழி இது. திருக்கழுக்குன்றம் என்று ஊருக்கே பெயர் வைத்தோம். பல தலைமுறையாக அங்கே சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்த கழுகுகள் இப்போது வருவதில்லை.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்துதான் இந்தியா முழுக்கப் பாறுகளைக் கொன்றது. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்றால் பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் நூற்றில் 99-க்கும் மேற்பட்ட வெண்முதுகுப் பாறுகள் போய்விட்டன. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். சரி, தடை வந்தது; ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை எவ்வளவு வேகமாகத்தான் பெருகும்?

காப்பாற்றுங்கள் என்று உள்பக்கத்தில் கட்டுரை, முதல் பக்கத்தில் அதே பெயரில் வசவு. படிக்கிற பிள்ளை எதை நம்பும்?

வட்டிக்காரனை வட்டிக்காரன் என்றே எழுதுங்கள். பறவையைப் பற்றி எழுதும்போது ‘பாறு’ என்ற நம் பழைய சொல்லைப் போடுங்கள். இன்னொன்று, பாறுகள் கணக்கெடுப்புச் செய்திக்கு அமெரிக்க வெண்தலைக் கழுகின் படம் அச்சானதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை மாயாற்றுப் பாறின் படத்தையே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்