செயலாளர் ஆண்டறிக்கை: ஆட்சேபத்தை எழுதி வைத்தல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் பட்டியல் இணைப்பில் உள்ளது. இந்த அறிக்கை முழுவதையும் இவ்வாண்டு நம் சங்கம் எடுத்துக்கொண்ட ஒரே பொருளுக்கு ஒதுக்குகிறேன். தன்னார்வலர்கள் கூடி எழுதும் மென்பொருள் திட்டங்களில், எல்லாரும் பார்க்க விவாதித்து முடிவெடுப்பது எப்படி என்பதுதான் அது.

சம்பளம் இல்லாத இடத்தில் உத்தரவு செல்லாது. தன்னார்வலர்கள் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தொகுத்து வெளியிடும் டெபியன் திட்டத்தின் சாசனம் இதை நேராகவே சொல்கிறது: திட்டத்துக்காக வேலை செய்யும் கடமை யாருக்கும் இல்லை, ஆனால் முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு எதிராக வேலை செய்யக் கூடாது. இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து நிற்க வேண்டுமானால், முடிவு எப்படி வந்தது என்பது தோற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் வெளிப்படையான விவாதம்.

கேள்வி அரைகுறையாக இருந்தால் வெளியில் வைத்துக் கேட்டும் பயனில்லை. அதற்கு டெபியனிலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. 2006-இல், இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் பொதியைச் சோதித்தபோது, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவி இரண்டு வரிகளைக் காட்டி எச்சரித்தது. அவற்றை நீக்கலாமா என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லை எழுதும் மூலத் திட்டத்தினரிடம் பொதுவிலேயே கேட்கப்பட்டது. பிழைதிருத்தத்துக்கு உதவுமானால் நீக்கலாம் என்ற பொருளில் பதில் வந்தது. அந்த நீக்கம் எல்லாப் பயனர்களின் கணினிக்கும் போகப்போகிறது என்பது கேள்வியில் தெளிவாக இல்லை. முழு பேட்ச்சும் (நிரலில் செய்யும் மாற்றங்களின் தொகுப்பு) பரிசீலனைக்கு வைக்கப்படவில்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்த அந்த வரிகளில் ஒன்றை எடுத்தால் பாதகமில்லை. மற்றொன்றோ சீரற்ற தரவு அனைத்தையும் கலக்கும் வரி. விளைவாக, குறியாக்கச் சாவி உருவாக்கத்தில் மிஞ்சிய ஒரே மாறுபாடு, இயங்கும் நிரலுக்குக் கணினி தரும் செயல்முறை எண். அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகளே; சாவியை எளிதில் ஊகித்துவிடலாம். 2008 மே மாதம் இது வெளிப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உருவான சாவிகளையெல்லாம் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

இதை வைத்தே முன்மொழிவுக்கான படிவத்தைச் செயற்குழு வகுத்தது. என்ன சிக்கல், எந்தக் கோப்பில் எந்த வரிகள் மாறுகின்றன, மாற்றம் யாரைச் சென்றடையும், எது உடையக்கூடும், பின்வாங்க வேண்டுமானால் வழி என்ன என்ற ஐந்துக்கும் பதில் வேண்டும். ஆறாவதாக, பரிசீலித்து ஒதுக்கிய மாற்றுவழிகளும் அவற்றை ஒதுக்கிய காரணமும். இந்த ஆறாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பைத்தான் நிரல்மொழியின் பெப் எனப்படும் முன்மொழிவு ஆவணங்களில் நிராகரித்த யோசனைகளுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. அது இல்லாவிட்டால் புதிதாக வருபவர் அதே யோசனையோடு வருவார், அதே விவாதம் முதலிலிருந்து தொடங்கும்.

கால அளவு அடுத்தது. அப்பாச்சி என்ற திறந்த மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் வாக்கெடுப்பைக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைப்பது வழக்கம். ரஸ்ட் நிரல்மொழியில் ஆர்எஃப்சி எனப்படும் முன்மொழிவு ஒன்றின் இறுதிக் கருத்துக் காலம் 10 நாள். காரணம் எளிது: பங்களிப்பவர்கள் பல நேர மண்டலங்களில் இருக்கிறார்கள், பலருக்கு வார இறுதியில்தான் கை ஓயும். ஒரே இரவில் முடித்த விவாதம், அந்த இரவில் விழித்திருந்தவர்களின் விவாதம் மட்டுமே. சிறு மாற்றத்துக்கு 72 மணி நேரம், பயனர் இடைமுகத்தையோ கோப்பு வடிவத்தையோ தொடும் மாற்றத்துக்கு 10 நாள் என்று நாமும் வைத்துக்கொண்டோம். பாதுகாப்புப் பழுது மட்டும் விதிவிலக்கு. அதை முதலில் அடைத்துவிட்டு, விவாதத்தைப் பிறகு திறக்க வேண்டும்.

இனி ஆட்சேபம். இங்கேதான் நாம் அதிக நேரம் செலவிட்டோம், செலவிட்டது சரியே. அப்பாச்சியில் நிரல் மாற்றத்துக்கு எதிராக -1 (எதிர்ப்பு வாக்கு) போடுபவர் தொழில்நுட்பக் காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தத் தடை செல்லாது. முறையான காரணம் எழுதினால் ஒருவரின் -1 கூட மாற்றத்தை நிறுத்திவிடும். ஆனால் வெளியீட்டை அப்படித் தடுக்க முடியாது: மூன்று +1-ஆவது (ஆதரவு வாக்கு) இருந்து, எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருந்தால் வெளியீடு போகும். இந்த வேறுபாட்டை நன்கு யோசித்தே வைத்திருக்கிறார்கள். பிழையான வரி உள்ளே நுழையாமல் தடுக்க ஒருவர் போதும். எல்லாருடைய உழைப்பும் பயனரிடம் போவதை ஒருவர் மறிக்கக் கூடாது.

இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்-இன் 7282-ஆம் ஆவணம் (2014) இன்னொரு படி போகிறது. ஆட்சேபத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும் உடன்பாடு எட்டியிருக்கலாம் என்கிறது அது. நூறு பேரும் ஒரே காரணத்தைச் சொல்லி, அதற்கு ஏற்கெனவே விடை சொல்லியாயிற்று என்றால், அது நூறு ஆட்சேபம் அல்ல, ஒன்றுதான்.

தலையெண்ணிக்கையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் நடந்த சம்பவம் சாட்சி. தனியாளாகப் பராமரித்து வந்தவரை, வேறெங்கும் தடமில்லாத கணக்குகள் 2022-இல் திரும்பத் திரும்ப நெருக்கின: வேகம் போதாது, பொறுப்பை இன்னொருவருக்கும் கொடு என்று. அப்படி இடம் கிடைத்தவரே 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவை (அனுமதியின்றி உள்ளே நுழைய மறைத்து வைத்த வழி) வைத்தார். 2024 மார்ச்சில், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஒருவரால் அது பிடிபட்டது. ஆகவே நம் நடைமுறையில் "ஏன் இன்னும் முடியவில்லை" என்பது கருத்தாகக் கணக்கில் வராது.

விவாதம் ஆளைத் தின்பதும் உண்டு. பைத்தானில் ஒரு புதிய எழுத்துமுறையை முன்மொழிந்த பெப் 572 மீது நடந்த நெடும் சண்டைக்குப் பிறகு, 2018 ஜூலையில் அம்மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகினார். பிறகு ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு அமைந்தது. ஒரே ஆளின் மேல் எல்லா அம்பும் விழும்படி அமைப்பை வைத்திருப்பது பிழை என்பதே இதில் நாம் கண்டது. எனவே முன்மொழிந்தவர் வேறு, விவாதத்தை முடித்துச் சுருக்கம் எழுதுபவர் வேறு. சுருக்கத்தில் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் நேராக அதன் விடை இருக்கும்; ஆட்சேபித்தவர் தன் கருத்து சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே முடிவு அறிவிக்கப்படும். மனத்தாங்கல் பெரும்பாலும் இந்தப் படியிலேயே தணிகிறது.

அப்படியும் இரு பக்கமும் சமமாக நின்றால் வாக்கெடுப்பு. டெபியனின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில் சிஸ்டம்டி (கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் மென்பொருள்) குறித்து 4-4 என்று பிரிந்து, தலைவரின் முடிவு வாக்கால் தீர்ந்தது. விவகாரம் அதோடு அடங்கவில்லை: அந்த ஆண்டே டெபியனிலிருந்து டெவுவான் என்ற தனி இயங்குதளக் கிளை பிரிந்தது, 2019-இல் டெபியன் மறுபடியும் பொது வாக்கெடுப்பு நடத்தியது. டெபியன் பொது வாக்கெடுப்புகளின் வரிசைமுறை வாக்கை நாமும் ஏற்றோம். உறுப்பினர் எல்லாத் தெரிவுகளையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். "எதுவும் வேண்டாம்" என்பதும் ஒரு தெரிவாக இருக்கும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு பணிகள் மீதமுள்ளன. நேரிலோ தனி அரட்டையிலோ பேசியவற்றை 24 மணி நேரத்துக்குள் பொதுப் பதிவில் எழுதும் பொறுப்பு யாருடையது என்று வரையறுக்க வேண்டும். முடிந்த விவாதத்தைப் புதிய சான்று இருந்தால் மட்டும் திறக்கலாம் என்ற விதியின் வரைவு இத்துடன் சுற்றுக்கு விடப்படுகிறது. 10 நாளுக்குள் ஆட்சேபங்களைக் காரணத்துடன் எழுதித் தருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்