தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?

வாடகைக் கார் செயலியின் நிர்வாகத்தினருக்கும், அதன் வரைபடத்தைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். செயலி என்னை ஏற்ற வேண்டிய இடத்தைத் தப்பாகக் குறிக்கிறது என்று நான் அனுப்பிய நான்கு புகார்களும் உங்களிடம் இருக்கின்றன. நான்குக்கும் வந்த ஒரே பதில், "சிரமத்துக்கு வருந்துகிறோம்", என்னிடம் இருக்கிறது. அதனால் முன்கதை வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முதல் நாள்தான் கண்புரை அறுவை முடிந்திருந்தது. மறுநாள் காலை எட்டரைக்குக் கண்ணைக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில். ஏழே முக்காலுக்கு வீட்டுக்குள் இருந்தபடியே கார் பதிவு செய்தேன். அம்மாவைக் கறுப்புக் கண்ணாடியோடு மெல்ல இறக்கிக் கூட்டிவந்து, வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். "உங்கள் கார் வந்துவிட்டது" என்றது செயலி. தெருவில் ஒரு காய்கறி வண்டி மட்டும் நின்றது.

ஓட்டுநருக்குப் போன் போட்டேன். "லொகேஷன்லதான் சார் நிக்கிறேன்" என்றார். பொய் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சார ரயில் ஒன்று போனது. அதன் சத்தம் ஒரு காதில் நேராகவும் மறு காதில் போன் வழியாகவும் கேட்டது. அப்போதுதான் புரிந்தது: அவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தி.நகரில் நிற்கிறார். காக்கை பறக்கிற கணக்கில் அறுபது மீட்டர் இருந்தால் அதிகம். காரில் வருவதென்றால் துரைசாமி சுரங்கப்பாதை வழியாகச் சுற்ற வேண்டும். அந்த நேரத்து நெரிசலில் இருபது நிமிடம். "பிரிட்ஜ் ஏறி இந்தப் பக்கம் வந்துடுங்களேன் சார்" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு எதிரே இருக்கும் படியே சரியாகத் தெரியாது.

ரத்து செய்தேன். ரத்துக் கட்டணம் பிடித்துக்கொண்டீர்கள். காரணம், "பயணி பிக்கப் இடத்தில் இல்லை". அந்த இடத்தைக் குறித்தது நானல்ல ஐயா, உங்கள் செயலி. அந்த ஓட்டுநர் சுற்றிய பெட்ரோலை யார் கணக்கில் எழுதுவது என்று அவரும் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

என் அண்ணன் மகளுக்குச் செயலி எழுதுவதுதான் வேலை. அவளிடம் கேட்டேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் போன் தன் இடத்தைக் கணக்குப் போட முடியும். வெட்டவெளியில் ஐந்து மீட்டருக்குள் சொல்லிவிடும். கான்கிரீட் கூரைக்குக் கீழே சமிக்ஞை மெலிந்துபோகும், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஏமாற்றும். அப்போது வைஃபையையும் செல்போன் கோபுரங்களையும் வைத்துப் போன் ஊகிக்கிறது. "அதெல்லாம் தப்பே இல்ல சித்தப்பா. போன் தன் சந்தேகத்தையும் சேர்த்துத்தான் சொல்லும்" என்றாள். ஒவ்வொரு இடத்தோடும் "இத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம்" என்று ஓர் எண் வருகிறதாம். ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்குள் ஆள் இருக்க 68 விழுக்காடு வாய்ப்புதான். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை வெளியேதான் நிற்கிறோம். போன் இவ்வளவு அடக்கமாகச் சொல்வதை வாங்கி, வட்டத்தை அழித்துவிட்டு, ஊசிமுனை போல ஒரு குறியை நட்டு "நீங்கள் இங்கே" என்கிறீர்கள்.

நான் கேட்பது இதுதான்: போனுக்கே நிச்சயமில்லாத இடத்தை நிச்சயமானதுபோல் காட்டாதீர்கள். அந்த வட்டத்தைக் காட்டுங்கள். வட்டம் பெரிதாக இருந்தால் "கொஞ்சம் வெளியே வந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். அது ரயில் பாதையைத் தாண்டினால் "எந்தப் பக்கம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

துல்லிய இருப்பிட அனுமதியைக் கொடுங்கள் என்று எழுதாதீர்கள், கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன். குறியை விரலால் நகர்த்தியிருக்கலாமே என்பீர்கள். நகர்த்தியிருக்கலாம். உங்கள் வரைபடத்தில் ரயில் பாதை ஒரு மெல்லிய சாம்பல் கோடு. கண் நன்றாகத் தெரிகிற எனக்கே அவசரத்தில் அது தெரியவில்லை.

அஞ்சல் துறை 2025-இல் நாடு முழுவதையும் சுமார் நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்தெழுத்தில் டிஜிபின் என்று குறியீடு கொடுத்துவிட்டது. போஸ்ட் ஆபீஸ் அங்கே போய்விட்டது. நீங்களோ போன தீபாவளிக்கு வரைபடத்தில் ஓடும் கார் பொம்மைகளுக்கு மேல் மத்தாப்பு கொளுத்திக் காட்டினீர்கள். அழகாகத்தான் இருந்தது. அந்தப் பொம்மை தண்டவாளத்தைத் தாண்டிப் பறந்தும் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சரி, பேச்சு எங்கோ போகிறது, மன்னிக்கவும். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. நிச்சயமில்லாததை நிச்சயம்போல் காட்டாதீர்கள் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவை மறுபடி காட்ட வேண்டும். எட்டு மணிக்கு அதே கேட், அதே நாற்காலி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மேற்கு மாம்பலம்
(தண்டவாளத்துக்கு மேற்கே)