செயலாளரின் ஆண்டறிக்கை: ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் மற்றவையும்

நம் தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது. தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் பாதிப் பேர் ஓவர்டைமில் இருந்ததால் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை (கோரம்) சேரவில்லை. பொங்கல் விழா நன்றாக நடந்தது. பானை பொங்கியது, மைக் செட்தான் பாதியில் படுத்துவிட்டது. இத்தனை எலக்ட்ரீசியன்கள் இருக்கும் சங்கத்தில் இது நடந்ததைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது பராமரிப்புப் பயிற்சி வகுப்பைப் பற்றி.

சென்ற பொதுக்குழுவில் ஓர் இளம் உறுப்பினர் எழுந்து, "கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் சங்கமா?" என்று கேட்டது நினைவிருக்கும். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஃபிட்டர் படித்தவர்களும் இருக்கிறார்கள், தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ ஹெல்ப்பராக வந்து கண்பார்த்துக் கற்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மெஷினைப் பிரித்துப் பூட்டத் தெரியும். ஏன் கெட்டது என்று கேட்டால்தான் இருவருமே தடுமாறுகிறார்கள். ஆகவே ஞாயிறு காலையில் ஓர் உறுப்பினரின் ஷெட்டில் வகுப்பு தொடங்கினோம். மெஷின் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.எம்.டி.யில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் பாடம் எடுத்தார். அவருடைய நிபந்தனை ஒன்றுதான்: ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் நோட்டில் ஓர் அளவு எழுதியிருக்க வேண்டும்.

முதல் வகுப்பு பியரிங், அதாவது சுழலும் ஷாஃப்ட்டை (தண்டை) உருளும் குண்டுகளால் தாங்கும் வளையம். 6308 என்று போட்டிருந்தால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கு, 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட் என்றார். இது பலருக்குத் தெரிந்திருந்தது. கிரீஸ் எவ்வளவு என்று கேட்டதும், "வெளியே பிதுங்கும் வரை" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். நானும்தான். அந்தப் பியரிங்கின் வெளிவிட்டம் 90 மில்லிமீட்டர், அகலம் 23, இரண்டையும் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் வருவது சுமார் 10 கிராம். ஒருவர் வீட்டுச் சமையல் தராசைக் கொண்டுவந்திருந்தார். அதில் காகிதம் விரித்து கிரீஸ் கன்னை அமுக்கிப் பார்த்தால், அந்தக் கன் ஓர் அமுக்குக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் தள்ளுகிறது. அப்படியானால் எட்டு, ஒன்பது அமுக்கு போதும். நாம் முப்பது, நாற்பது அடித்துவிட்டு, பியரிங் சுடுகிறது என்று மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே கிரீஸ் வைத்தே இருபக்கமும் மூடி வரும் இசட் இசட் பியரிங்குக்கும் இத்தனை வருடம் கிரீஸ் அடித்து வந்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் ஹெல்ப்பராக இருந்த காலத்தில், ஷாஃப்ட்டில் ஏறாத பியரிங்கின் வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றியவன். குண்டுகள் பாதையில் பதித்த பள்ளத்தை இப்போதுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

அடுத்து அலைன்மென்ட், அதாவது மோட்டார் தண்டையும் அது ஓட்டும் மெஷினின் தண்டையும் ஒரே நேர்கோட்டில் வைப்பது. நுண்ணளவு காட்டும் டயல் கேஜை, இரண்டு தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் விளிம்பில் வைத்து, மேலே பூஜ்யம் வைத்து, அரைச்சுற்று சுற்றினால் கீழே 0.20 மில்லிமீட்டர் காட்டியது. நம் ஃபிட்டர் ஒருவர் உடனே மோட்டார் கால்களுக்கடியில் 0.20 ஷிம் (மெல்லிய தகடு) வைத்தார். மறுபடி சுற்றினால் முள் எதிர்ப்பக்கம் 0.20 காட்டியது. ஷிம்மை எடுத்தார், வைத்தார், டயலைத் தட்டினார், டயலே சரியில்லை என்றார். ஆசிரியர் டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, டயல் காட்டுவது இரட்டிப்பு, உண்மையான விலகல் அதில் பாதி என்றார். 0.10 ஷிம் வைத்ததும் முள் ஏறக்குறைய அசையவில்லை. அப்புறம் ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, கால் 0.05-க்கு மேல் எழும்புகிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒரு கால் எழும்பியது. நொண்டிக் காலோடு எத்தனை ஷிம் வைத்தாலும் வீண் என்பதை அன்று மதியம் வரை சாப்பிடாமல் கற்றோம்.

எனக்கு மிகவும் பிடித்தது பம்ப் வகுப்பு. 2024 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பிறகு ஒரு தொழிற்சாலையில் ஆழமான புது சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) கட்டினார்கள். அதே பம்ப்பை அதில் மாட்டினார்கள். அன்றிலிருந்து உள்ளே கூழாங்கல் உருட்டுவது போலச் சத்தம். நம் உறுப்பினர் இரண்டு முறை பியரிங் மாற்றினார், மூன்றாவதாக, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரையே கழற்றி வகுப்புக்குத் தூக்கி வந்தார். அதன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சம்ப்பில் தண்ணீர் மட்டத்திலிருந்து பம்ப் எத்தனை மீட்டர் மேலே என்று ஆசிரியர் கேட்டார். ஆறுக்கு மேல் என்றார் இவர். கோயம்புத்தூர் பம்ப்தான், ஏழு மீட்டர் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள் என்றும் சொன்னார்.

பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடலோரச் சென்னையில் அந்த அழுத்தம் அதிகபட்சம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே 9.3 மீட்டர்தான், ஒரு மீட்டர் குறைவு. கோவையோடு ஒப்பிட்டாலும் அரை மீட்டர் குறைவு. அதில் பைப் உராய்வு, வளைவு, ஃபுட் வால்வ் (பைப் அடியில் இருக்கும் ஒருவழி வால்வ்), பம்ப்புக்கே வேண்டிய அழுத்தம் எல்லாம் கழிந்தால் மிச்சம் கொஞ்சம்தான். பற்றாதபோது தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே கொதித்துக் குமிழியாகி, இம்பெல்லரில் போய் உடைகிறது. அந்தச் சத்தம்தான் கூழாங்கல், அந்த அடிதான் தழும்பு. பம்ப்பை ஒரு மீட்டர் இறக்கிக் குழியில் வைத்து, சக்‌ஷன் பைப்பை ஒரு சைஸ் பெரிதாக்கி, இரண்டு வளைவைக் குறைத்தார்கள். சத்தம் நின்றது. உறுப்பினருக்கு அந்த நிர்வாகம் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்ததாம். சம்பள உயர்வு இன்னும் பேச்சளவில் இருக்கிறது.

கம்ப்ரசர் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கென்றே அமைந்தது. மெஷின்கள் ஓயும்போதுதான் காற்று கசியும் ஓசை காதில் விழும். 7 பார் அழுத்தக் காற்று லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் வினாடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்று போகும். ஏறக்குறைய ஒரு 5 எச்.பி. கம்ப்ரசர் அந்த ஓட்டைக்காக மட்டும் ஓடுகிறது. சோப்புத் தண்ணீரோடு அந்த ஷெட்டைச் சுற்றியதில், ஓனர் முகம் வாடும் அளவுக்கு இடங்கள் கிடைத்தன.

ஒரு வருத்தம். கன்வேயரில் கை வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அடுத்த ஷிஃப்ட் ஆள் பேனலில் சுவிட்சைப் போட்டதில், நம் உறுப்பினர் ஒருவர் விரல் நுனியை இழந்தார். "வேலை நடக்கிறது" என்ற அட்டை தொங்கியது, சுவிட்சுக்குப் பூட்டு இல்லை. அதன்பின் சங்க நிதியில் பூட்டுகள் வாங்கி, வகுப்புக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டும் ஒரே ஒரு சாவியும் கொடுத்தோம். இரண்டாவது சாவி சூப்பர்வைசரிடம் இருக்கட்டும் என்று சிலர் கேட்டார்கள். நான் மறுத்தேன். குழுவில் இதற்காகக் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது, முடிவு நிற்கிறது.

நடக்காதவையும் உண்டு. பாய்லர் வகுப்பு நடக்கவில்லை. அதை இயக்க அரசுத் தேர்வு எழுதி முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்புச் சான்று வாங்க வேண்டும். நாம் பாடம் நடத்தி அதற்கு ஈடு செய்ய முடியாது. தேர்வு எழுத விரும்புவோருக்கு விண்ணப்பம் நிரப்பித் தர மட்டும் ஏற்பாடு செய்யலாம். மாதக் கடைசியில் வருகை பாதியாகக் குறைந்தது. ஓவர்டைம் காசை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கன்னடப் பிள்ளைகளும் ஒடிசாப் பிள்ளைகளும் கேள்விப்பட்டு வந்தார்கள். வகுப்பு தமிழும் கன்னடமும் உடைந்த இந்தியுமாக நடந்தது. தமிழ்ச் சங்கத்தில் இது சரியா என்று எழுதிக் கேட்ட உறுப்பினருக்கு என் பதில்: அதே கன்வேயரில்தான் அவர்களும் கை வைக்கிறார்கள்.

முத்திரை குத்திய சான்றிதழ் தர வேண்டும் என்று கோரிக்கை வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேதி, மெஷின், பிரிக்கும் முன் எடுத்த அளவு, பூட்டிய பின் எடுத்த அளவு என்று ஒரு வருடம் எழுதிய நோட்டைக் காட்டினால், இன்டர்வியூவில் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். பொதுக்குழு வேறு மாதிரி முடிவு செய்தால் அச்சடிக்கிறேன்.

மறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்திவிட்டோம். ஷெட் கொடுத்தவருக்கும், சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்தவருக்கும், தராசைத் திருப்பிக் கேட்காத அந்த வீட்டம்மாவுக்கும் நன்றி. இரவல் டயல் கேஜ் அடுத்த மாதம் திரும்பப் போகிறது. சங்கத்துக்கென்று காந்த ஸ்டாண்டோடு ஒன்று வாங்க அனுமதி கேட்டு, இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்