ஒரு காயத்தை எத்தனை முறை எழுதுவது?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டிருந்த விஷயத்துக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம். உன் மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு நீ பரீட்சைக்குப் படித்ததெல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று. என் முழங்கால் இப்போது தேவலை. நடக்கிறேன், படி ஏறும்போதுதான் கொஞ்சம் வலி.

விபத்து அறிக்கை, இழப்பீட்டு மனு, பாதுகாப்பு ஆய்வு மூன்றுக்கும் சேர்த்து உங்கள் துறை புது மென்பொருள் வாங்கப் போகிறது, உன்னையும் குழுவில் போட்டிருக்கிறார்கள், எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாய். எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. இந்த மாதிரிக் குழுக்களில் கணக்குப் பிரிவு இருக்கும், கணினிப் பிரிவு இருக்கும். அடிபட்டவர் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் இருப்பது அபூர்வம். நீ இருக்கிறாய். நானும் ஆறு வருஷம் இதே மாதிரி மென்பொருளைச் செய்த குழுவில் இருந்தவள் என்பதால், என் கண்ணால் பார்த்ததை அப்படியே உனக்கு எழுதுகிறேன்.

முதல் வருஷம் நாங்கள் ஒரு வரிகூட நிரல் எழுதவில்லை. மனுப் பிரிவில் ஒரு மேஜையை வாங்கிக்கொண்டு கோப்புகளைப் படித்தோம். அதில் ஒரு கோப்பு எனக்கு இன்றும் மறக்கவில்லை. கிடங்கில் வேலை செய்த ஒருவர் உடைந்த படியில் கால் இடறி விழுந்து தோள்பட்டையில் அடிபட்டவர். அந்த ஒரு விழுதலை ஐந்து இடத்தில் எழுதியிருந்தார்கள்: ஷிப்ட் நோட்டில் ஒரு வரி, மேற்பார்வையாளரின் அறிக்கை, பாதுகாப்புப் பிரிவின் பதிவேடு, டாக்டரின் சான்றிதழ், கடைசியாக அவரே எழுதிய மனு. இரண்டில் விழுந்த நாளைத் தேதியாகப் போட்டிருந்தார்கள். ஒன்றில் அறிக்கை எழுதிய நாள். டாக்டர் தன்னிடம் வந்த நாளைப் போட்டிருந்தார். மனுவைப் பார்த்த அதிகாரி, தேதிகள் முரண்படுகின்றன, விளக்கம் தேவை என்று திருப்பி அனுப்பிவிட்டார். விளக்கம் போய், வந்து, மறுபடி போய், நாலு மாதம். அந்த நாலு மாதமும் அந்த மனிதர் தன் விடுப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. பாதுகாப்புப் பிரிவுக்கு அறிக்கைகள் மாதக் கடைசியில் ஒரே கட்டாகப் போகும். அங்கிருந்து பராமரிப்புக்குத் தனிக் கடிதம் போக வேண்டும். இவருடைய அறிக்கை அந்தக் கட்டில் எங்கோ தங்கிவிட்டது. அவர் மனு முரண்பாட்டில் சிக்கிக் கிடந்தபோதே, அதே படியில் இன்னொருவர் விழுந்தார். இரண்டாவது கோப்பு அதே அலமாரியில், நாலு கோப்பு தள்ளி இருந்தது. இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் படித்ததில்லை. படிக்கச் சொல்லி யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

உங்கள் மென்பொருளிடம் நீ கேட்க வேண்டியது இதைத்தான், செல்வி. அடிபட்டவர் ஒரே ஒரு முறை சொன்னால் போதுமா? அவர் சொன்ன அந்த நிமிஷத்திலேயே படியைச் சரிசெய்ய வேண்டியவருக்குச் சேதி போகிறதா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது நம் ஊர் அலுவலகங்களுக்கு மட்டுமான கோளாறு என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான காய இழப்பீட்டுச் சட்டம் 1916இல் வந்தது. பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1970இல். இரண்டையும் பார்த்துக்கொள்வது ஒரே தொழிலாளர் துறைதான், ஆனால் தனித்தனி அலுவலகம், தனித்தனிப் படிவம். இப்போது அவர்களுடைய இணையவாசலில் சம்பவத்தை முதலில் பாதுகாப்புப் பதிவாக எழுதிவிட்டு, அங்கிருந்தே இழப்பீட்டு மனுவுக்குப் போக முடிகிறது. இந்தச் சின்ன இணைப்புக்கு அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பிரித்து வைத்ததற்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சட்டப் பிரிவு உன்னைக் கூட்டத்தில் மடக்கும். இழப்பீட்டுப் பிரிவு கேட்பது, இந்தக் காயம் வேலையால் வந்ததா, பணம் கொடுக்க வேண்டுமா என்று. பாதுகாப்புப் பதிவேடு கேட்பது, என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று. பதிவேட்டில் ஏறிவிட்டதாலேயே நிர்வாகத்தின் தவறு என்றோ, இழப்பீடு உறுதி என்றோ ஆகாது. அமெரிக்க விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. முதலுதவியோடு முடிந்த சின்னக் காயத்தை அந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. அதனால் முடிவுகள் தனித்தனியாகவே இருக்கட்டும். யார், எங்கே, எப்போது, என்ன ஆயிற்று என்ற விவரம் மட்டும் ஒரே இடத்தில் இருந்து இரண்டு பக்கமும் போகட்டும். நாங்கள் கடைசியில் அப்படித்தான் செய்தோம். விற்பனைக்கு வருகிறவர்கள் "எல்லாம் ஒரே திரையில்" என்று பெருமையாகக் காட்டுவார்கள். திரை ஒன்றாக இருந்து உள்ளே விவரம் இரண்டு பிரதியாகக் கிடந்தால், தேதி மறுபடி முரண்படத்தான் செய்யும். ஒரு பிரதியில் தேதியை மாற்றினால் இன்னொன்றில் மாறுகிறதா என்று அவர்களையே செய்துகாட்டச் சொல்.

தேதி என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் செய்த பெரிய தப்பு அதில்தான். "விபத்து நடந்த தேதி" என்ற கட்டத்தைக் கட்டாயம் ஆக்கிவைத்தோம். அதை நிரப்பாமல் மனு அடுத்த பக்கத்துக்கே போகாது. சில மாதம் கழித்துப் பார்த்தால் ஜனவரி 1ஆம் தேதி போட்ட மனுக்கள் வரிசையாக நிற்கின்றன. புத்தாண்டு அன்று அத்தனை பேரா அடிபட்டார்கள்? எடுத்துப் படித்தோம். காது மந்தமானவர்கள், மணிக்கட்டு மரத்துப்போனவர்கள், தூசியில் மூச்சு கெட்டவர்கள். இவர்கள் என்ன தேதியைப் போடுவார்கள்? பதினொரு வருஷம் மூட்டை தூக்கிய முதுகு எந்த நாளில் கெட்டது என்று யாரால் சொல்ல முடியும்? கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் வரும் புற்றுநோய், அந்தத் தூசியைச் சுவாசித்து 20, 30, 40 வருஷம் கழித்தும் வெளிப்படுகிறது. வேலையை விட்டு, ஓய்வும் பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகு.

சட்டம் இதை என்றைக்கோ புரிந்துகொண்டுவிட்டது. நான் சொன்ன அமெரிக்க இழப்பீட்டுச் சட்டத்தில் இரண்டு தனி மனுப் படிவம் உண்டு. ஒரு நாளுக்குள் அல்லது ஒரு ஷிப்டுக்குள் நடந்த காயத்துக்கு ஒன்று. அதைத் தாண்டிச் சிறுகச் சிறுக வந்த நோய்க்கு மற்றொன்று. மனு போட 3 வருஷக் கெடு. மறைந்திருந்து வரும் நோய்க்கு அந்தக் கெடு, வேலையால்தான் இது வந்தது என்று அவருக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ரமாசினி என்ற இத்தாலிய டாக்டரைப் பற்றி அந்தச் சமயத்தில்தான் படித்தேன். 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டவர். நோயாளியிடம் டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னார். ஒரே ஒரு கேள்விதான், அதனால் எத்தனை நோய்களுக்குக் காரணம் பிடிபட்டது பார். நாங்களோ ஒரே ஒரு கட்டத்தை வைத்து அத்தனை பேரையும் பொய்த்தேதி போட வைத்திருந்தோம். பிறகு அதை எடுத்துவிட்டு, "ஒரு நாளில் நடந்ததா, நாளாவட்டத்தில் வந்ததா?" என்ற கேள்வியை முதலில் வைத்தோம். நாளாவட்டத்தில் என்றால், எந்தெந்த வேலையில் எவ்வளவு காலம் என்று கேட்டோம். அந்த வார்த்தைகளை எங்களுக்குச் சொன்னவர் மனுப் பிரிவில் தபால் பிரிக்கும் ஒரு அம்மா.

கெடுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் மென்பொருள் மனிதனைவிட நன்றாகச் செய்வது, எனக்குத் தெரிந்து, கெடு பார்ப்பதுதான். அதே அமெரிக்க இழப்பீட்டுச் சட்டத்தில், அடிபட்ட 30 நாளுக்குள் மனு கொடுத்தால் 45 நாள் வரை சம்பளம் நிற்காமல் வரும். அலுவலகம் மனுவை வாங்கிய 10 வேலை நாளுக்குள் இழப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்பியாக வேண்டும். அவர்களுடைய பாதுகாப்பு விதிப்படி உயிரிழப்பு என்றால் 8 மணி நேரத்துக்குள், மருத்துவமனையில் சேர்க்கும் அளவு காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் விதியில் எண்கள் வேறாக இருக்கும், ஓட்டம் ஒன்றுதான். மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்தால் மனு அவர் மேஜையில் காத்துக் கிடக்கிறதா, தானாக அடுத்தவருக்குப் போகிறதா என்று கேள். இன்று மனு யாரிடம், எத்தனை நாளாக இருக்கிறது என்று அடிபட்டவரே பார்க்க முடிய வேண்டும். அதிகாரிக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

பழைய விவரங்களைப் புது மென்பொருளுக்கு மாற்றும் வேலையை எல்லோரும் சுலபமாக எண்ணி இரண்டு வாரம் ஒதுக்குவார்கள். ஒத்துக்கொள்ளாதே. எங்களுக்குப் பழைய டேட்டாபேஸில் காரணக் குறியீடு "இதர" என்றே பாதிக்கு மேல் இருந்தது. உண்மையான காரணம் குறிப்புக் கட்டத்தில் யாரோ ஒரு எழுத்தர் சுருக்கெழுத்தில் எழுதிவைத்திருந்தார். அந்த எழுத்தர்களில் ஓய்வுபெறப் போகிறவர் யாரென்று இப்போதே பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள். புதிதாக வைக்கும் பட்டியலையும் கவனி. அவசரத்தில் இருப்பவர் முதல் வரியைத்தான் தொடுவார். எங்கள் பட்டியலில் முதலில் "ஊழியரின் கவனக்குறைவு" என்று இருந்தது. ஒரு வருஷ அறிக்கை முழுவதும் ஊழியர்களின் கவனக்குறைவாகவே வந்தது. அதைப் பார்த்து மேலிடம் பயிற்சி வகுப்பு நடத்தியது. படிகள் உடைந்தபடியே இருந்தன. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

யார் எதைப் பார்க்கலாம் என்பதில் கறாராக இரு. மேற்பார்வையாளருக்கு, அடிபட்டவர் எவ்வளவு எடை தூக்கலாம், எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பது தெரிந்தால் போதும். நோயின் பெயர் அவருக்கு எதற்கு? அமெரிக்கப் பதிவேட்டில் பாலியல் வன்முறை, மனநோய் போன்ற சம்பவங்களில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயரை எழுதாமல், அந்தரங்கச் சம்பவம் என்று மட்டும் போட விதியே இருக்கிறது. அதை முதல் நாளிலிருந்தே அமைப்பில் வைக்க வேண்டும். பின்னால் ஒட்டுப் போட்டால் நிற்காது.

எண்களைத் தொகுத்துக் காட்டும் டேஷ்போர்டு திரை பற்றி ஒரே வார்த்தை: "இத்தனை நாளாக விபத்தில்லை" என்ற எண்ணைப் பெரிதாகக் காட்ட விடாதே. அந்த எண் உடையக்கூடாது என்று காயத்தை மறைத்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை பதிவாயின, அவற்றில் எத்தனையைச் சரிசெய்தார்கள் என்பதைக் காட்டச் சொல். அந்த எண் கூடினால் பாராட்டச் சொல்.

இன்னொன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கையில் அடிபட்டவர் எப்படித் தட்டச்சு செய்வார்? அலுவலக மின்னஞ்சலே இல்லாதவர் லாகின் எப்படி வாங்குவார்? சிக்னல் இல்லாத சுரங்கப் பாதையில், கையுறையோடு, ஷிப்ட் முடியும் நேரத்தில் பதிய முடியுமா? அவருக்காக இன்னொருவர் மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்றால் மென்பொருளும் தர வேண்டும். குரலில் சொல்லிப் பதியும் வசதி இப்போது நன்றாகவே இருக்கிறது. செயற்கை நுண்ணறிவை நான் அந்த இடத்தில், டாக்டர் சான்றிதழில் இருந்து விவரம் எடுக்கும் இடத்தில், விடுபட்ட காகிதத்தைச் சொல்லும் இடத்தில் மனதார வரவேற்கிறேன். மனுவை நிராகரிக்கும் முடிவை மட்டும் ஒரு மனிதர் தன் பெயர் போட்டு, காரணம் எழுதித்தான் எடுக்க வேண்டும். இதை டெண்டரிலேயே எழுதச் சொல்.

விற்கிறவர்கள் மென்பொருளை இயக்கிக் காட்டும் டெமோ நாளில் உன்னோடு ஷிப்டில் வேலை செய்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அந்தப் படியில் விழுந்தவரின் கதையைக் கொடுத்து, அவர்கள் கையால் பதியச் சொல். யாரும் உதவக் கூடாது. எத்தனை நிமிஷம் ஆகிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள், படியைப் பற்றிய சேதி பராமரிப்புக்கு எப்போது போகிறது என்று நீ குறித்துக்கொள். நிற்கிற இடத்தில் அவர்களிடம் ஏன் என்று கேள், திரையைச் செய்தவர்களிடம் கேட்காதே.

என் பழைய குறிப்பு நோட்டு இரண்டு இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து புரியாத இடத்தில் போன் செய். டெமோ என்றைக்கு என்று தெரிந்ததும் எழுது, அன்று சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன். மகளிடம் என் அன்பைச் சொல்.

உன்,
கலா