சனிக்கிழமை ஓஸ்லோ அரண்மனை

நண்பர்களே, சனிக்கிழமை பகல் 12.30க்கு அரண்மனை முன்னால் இருக்கும், மன்னர் கார்ல் யோஹான் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை அருகே கூடுவோம். நேஷனல்தியேட்ரெட் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூர ஏற்றம்தான். பாவம் அந்த ராஜா, அரண்மனையைக் கட்ட ஆரம்பித்தவர் அவர்; 1849இல் அது திறக்கும்போது உயிரோடு இல்லை.

காவலர் மாற்றம் சரியாக 1.30க்கு. கறுப்புத் தொப்பியில் குதிரைவால் மாதிரி ஒரு குஞ்சம் தொங்கும், குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

அப்புறம் பூங்காவுக்குள் இருக்கும் இளவரசி இங்க்ரிட் அலெக்சாண்ட்ரா சிற்பப் பூங்கா. என்னைக் கேட்டால் அரண்மனையைவிட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். 2016இல், மன்னர் ஹரால்ட் அரியணை ஏறிய 25ஆம் ஆண்டில் திறந்தது. நார்வே பள்ளிக் குழந்தைகள் சொன்ன யோசனைகளை வைத்துச் செய்த சிற்பங்கள். 'தொடாதே' என்று பிள்ளைகளை அதட்ட வேண்டியதில்லை. தொடலாம், ஏறி விளையாடலாம். பெரியவர்கள் கொஞ்சம் குனிந்து, அவர்கள் உயரத்தில் பார்த்தால்தான் ரசிக்கும்.

பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது, சுற்றுவேலியும் இல்லை. அரண்மனைக்கு உள்ளே போவது தனி: கோடையில் மட்டும், வழிகாட்டியோடு, டிக்கெட் எடுத்து. ஆங்கிலச் சுற்றுகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். உள்ளே வர விரும்புகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், சேர்த்தே எடுத்துவிடலாம். மழைக்கோட்டு மறக்க வேண்டாம்.