ஸ்டிக்கர் கோலம் ஒட்டிய அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

போன மாதம் வந்தபோது உங்கள் வாசலில் ஸ்டிக்கர் கோலத்தைப் பார்த்தேன். ஒரு ஓரம் பிய்ந்து, மேலே செருப்புத் தடம் வேறு. பதினைந்து புள்ளி, எட்டு வரை இடைப்புள்ளி என்று தெருவையே நிறுத்திப் பார்க்க வைத்த வாசல் அது. கேட்டதற்கு, "விரல் மடங்கல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டீர்கள். போனில் பேச்செடுத்தால் "சரி, பிள்ளைங்க சாப்பிட்டாங்களா" என்பீர்கள். அதனால்தான் கடிதம். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள். இப்படித் தெருவுக்கு நாலு அத்தைகள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம், எனக்கு முடக்குவாதம். காலையில் உங்கள் விரல் அரை மணி நேரத்தில் இளகிவிடும். எனக்கோ ஒரு மணி நேரம் தாண்டியும் பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாத நாட்கள் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய் என்னுடையது. செவ்வாய்க்கிழமை மாத்திரையை நான் ஒரு வாரம்கூட விடுவதில்லை. கைவேலை செய்தால் மருந்தே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் "விரலுக்கு வேலையே கொடுக்காதீங்க" என்று உங்களிடம் யாரோ சொல்லி வைத்தார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது அழுந்தி விடுபட்டு, சுற்றியிருக்கும் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. அசைக்காமலே வைத்திருந்தால் தசையும் இளைத்துப் போகும். வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் ஓய்வு, சரி. வருஷக்கணக்கில் எதற்கு?

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை காலை மூட்டுவலிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அசோசியேஷன் ஹாலில் கூடுகிறோம். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஒருவர் குரோஷா பின்னுவார், ஒருவர் களிமண்ணில் அகல் செய்வார், ரிட்டயர்டான ஒரு பெரியவர் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் (அது பாடி இதுவரை நாங்கள் கேட்டதில்லை). முதல் நாள் நான் ஒன்றுமே செய்யவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் தூக்கினேன். எதிரே இருந்தவரும் இரண்டு கையாலும்தான் தூக்கினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆபீஸில் மூன்று வருஷமாக விளக்கம் சொல்லிக் களைத்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும்.

குரோஷா ஊசியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடியாக்கிக்கொள்ளலாம் என்பதும், வலி வருமுன்பே வேலையைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பதும் அங்கே கற்றவைதான். சொல்லித் தந்தவர்கள் எல்லோருமே வலிக்காரர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் 1970களின் கடைசியிலேயே, இப்படி மூட்டுவலியைச் சமாளிக்கக் கற்றுக்கொள்வதை வகுப்பாக நடத்தத் தொடங்கினார். வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்தியவர்களில் பலர் மூட்டுவலிக்காரர்களே. வகுப்புக்கு வந்தவர்களை நாலு வருஷம் கழித்துப் பார்த்ததை 1993-ல் வெளியிட்டார்கள்: வலி சராசரியாக 20 சதவீதமும் டாக்டரிடம் போவது 40 சதவீதமும் குறைந்திருந்தன. மூட்டு தேறிவிட்டதா என்றால், இல்லை. உடம்பின் இயலாமை கொஞ்சம் கூடித்தான் இருந்தது. வலி மட்டும் குறைந்தது. எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். மாவைக் கிள்ளிப் பிடிக்கும்போது கட்டைவிரலின் அடிமூட்டில் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. உங்களுக்கு வலிப்பதும் அங்கேதான். அதனால் கிள்ள வேண்டாம். மூக்கு வைத்த சாஸ் பாட்டிலில் கோலப்பொடியைச் சலித்துப் போட்டு, உள்ளங்கையால் பிடித்துச் சாய்த்தால் போதும், கோடு இறங்கும். நான் போட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் திட்டுத்திட்டாக விழுந்தது, மூன்றாம் நாள் சரியாக வந்தது. குனிய வேண்டாம், இரண்டடிப் பலகையை மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். "இத்துனூண்டு கோலமா" என்பீர்கள். கனடாவில் மாட் லூயிஸ் என்று ஓர் ஓவியர் இருந்தார், 1970-ல் இறந்தார். சின்ன வயதிலிருந்தே மூட்டுவாதம். கை நீளாததால் சின்னச் சின்னப் பலகைகளில்தான் வரைந்தார். அப்புறம் வீட்டுக் கதவு, சுவர், அடுப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் குட்டி வீட்டையே இப்போது ஹாலிஃபாக்ஸில் ஓவியக் கூடத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பலகைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தாயிற்று, இன்னும் காயவில்லை. தெருமுனை வீட்டு அம்மாவுக்கும் விரல் வீக்கம் என்றீர்களே, அவரையும் வரச் சொல்லி வையுங்கள். காபி நான் போடுகிறேன். அந்தப் பித்தளை ஃபில்டரைத் திறக்க நீங்கள் புடவைத் தலைப்பைச் சுற்றித் திருகியதைப் பார்த்தேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்